ஒரே நீர், மூன்று அளவுகள்: மின்கடத்துத்திறன் கலத்தின் வடிவமைப்பு எவ்வளவு தூரம் காரணம்?

நாகை ஆய்வக மேசை (இழையைத் தொடங்கியவர்)

நாகப்பட்டினம் மாவட்டத்தில் மண்ணும் நீரும் பரிசோதித்துத் தரும் சிறிய ஆய்வகம் ஒன்றில் பணிபுரிகிறேன். எங்களிடம் வருபவற்றில் ஒரு பகுதி கடைமடை வயல்களின் ஆழ்துளைக் கிணற்று நீர். மற்றொரு பகுதி, இறால் குட்டைக்காரர்கள் கொண்டுவரும் உப்பாற்று நீர். மேட்டூர்த் தண்ணீர் இன்னும் வந்து சேராத இந்தக் கோடையில் கடல்நீர் வாய்க்கால்களில் ஏறி நிற்பதால், உப்பு மிகுந்த மாதிரிகளே அதிகம் வருகின்றன.

வேதாரண்யம் கால்வாய்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு மாதிரியை மூன்று கருவிகளில் அளந்தேன். எங்கள் மேசைக் கருவி, சென்டிமீட்டருக்கு 1 என்ற கலமாறிலி (கலத்தின் வடிவத்தைக் குறிக்கும் எண்) உடைய, பிளாட்டினத் தகடுகள் கொண்ட அமிழ்கலத்துடன் சென்டிமீட்டருக்கு 21.9 மில்லிசீமென்ஸ் காட்டியது. வயலுக்கு எடுத்துச் செல்லும் பேனா மீட்டர் ஏறத்தாழ 17 காட்டியது. அருகிலுள்ள கல்லூரி ஆய்வகத்தில் கலமாறிலி 10 உடைய கலத்தில் 24.0 வந்தது. மூன்று முறையும் நீரை 25 பாகை செல்சியஸில் நிலைநிறுத்தியே அளந்தோம். மூன்று கருவிகளும் 1413 மைக்ரோசீமென்ஸ் நியமக் கரைசலில் பிழையின்றிக் காட்டுகின்றன என்பதுதான் என்னைக் குழப்புகிறது. நியமக் கரைசலில் ஒத்துப்போகும் கருவிகள் மாதிரியில் ஏன் பிரிந்து போகின்றன? குறை மின்னணுச் சுற்றிலா, கலத்திலா?

கடைமடை உழவர், தலைஞாயிறு

நீர் 17 என்றாலும் 24 என்றாலும் அதை நான் வயலுக்குள் விடப் போவதில்லை. எனக்குத் தெரிய வேண்டியது 2க்கும் 3க்கும் இடைப்பட்ட வேறுபாடுதான், ஏனெனில் நெல்லுக்கு 3 வரை தாங்கும் என்று சொல்லியிருக்கிறார்கள். நீங்கள் சொல்லும் பிழை அந்த அளவிலும் இருக்குமா என்பதை யாராவது தெளிவுபடுத்தினால் நல்லது. எங்கள் ஊரில் பலரும் அந்தப் பேனா மீட்டரைத்தான் கையில் வைத்திருக்கிறார்கள்.

கருவி பழுதுநீக்குநர், கும்பகோணம்

குறை கலத்தில்தான் இருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்த்தாலே தெரியும்.

கருவி உண்மையில் அளப்பது கடத்துத்திறனை அன்று. இரு மின்முனைகளுக்கு இடையே உள்ள மின்தடையைத்தான். கலமாறிலியை அந்தத் தடையால் வகுத்துத் திரையில் காட்டுகிறது. கலமாறிலி 1 என்றால், 1413 மைக்ரோசீமென்ஸ் நியமக் கரைசலின் தடை ஏறத்தாழ 708 ஓம். உங்கள் 24 மில்லிசீமென்ஸ் நீரின் தடையோ 42 ஓமுக்குச் சற்றுக் குறைவு. இந்தச் சிறிய தடையோடு, நாம் அளக்க விரும்பாத வேறு சிலவும் தொடராகச் சேர்ந்துகொள்கின்றன. கம்பியும் இணைப்பியும் சேர்ந்து 1 ஓம் என்று வையுங்கள். அதைவிடப் பெரியது, ஒவ்வொரு மின்முனையின் பரப்பிலும் உருவாகும் மின் இரட்டை அடுக்கு, அதாவது உலோகத்தின் மின்னூட்டமும் நீரின் அயனிகளும் எதிரெதிரே நிற்கும் படலம். வழவழப்பான பிளாட்டினப் பரப்பில் அதன் மின்தேக்குதிறன் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 20 மைக்ரோஃபாரட் இருக்கும். 1000 ஹெர்ட்ஸ் மாறுதிசை மின்னோட்டத்துக்கு அது 8 ஓம் மறுப்பைத் தருகிறது. இரண்டு மின்முனைகளுக்கும் சேர்த்து 16 ஓம். மின்தேக்கியின் மறுப்பும் மின்தடையும் நேராகக் கூட்டப்படுபவை அல்ல, வர்க்கங்களின் கூட்டலுக்கு மூலம் எடுக்க வேண்டும். அப்படி எடுத்தால் மொத்தம் 45.6 ஓம் வருகிறது. அதைக் கொண்டு கருவி காட்டக்கூடிய அளவு 21.9, உங்கள் மேசைக் கருவி காட்டியதும் அதுவேதான்.

இதே 16 ஓமை 708 ஓமுடன் சேர்த்துப் பார்த்தால் மாற்றம் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆகவே 1413இல் நீங்கள் செய்த சரிபார்ப்பு இந்தப் பிழையைக் காட்டவே காட்டாது.

பேனா மீட்டரில் உள்ளவை சிறிய எஃகு அல்லது கிராஃபைட் முனைகள். பரப்புக் குறைந்தால் மின்தேக்குதிறன் குறையும், மறுப்பு கூடும். அது 17இல் நின்றதில் வியப்பில்லை.

உறுதி செய்துகொள்ள எளிய வழி, 12.88 மில்லிசீமென்ஸ் நியமக் கரைசலையும் அளப்பது. கலமாறிலி மட்டும் தவறாகப் பதிவாகியிருந்தால் இரண்டு நியமங்களிலும் ஒரே விகிதத்தில் பிழை வரும். முனைவாக்கம்தான், அதாவது அந்த இரட்டை அடுக்கு தரும் மறுப்புதான், காரணம் என்றால் 1413இல் சரியாகவும் 12.88இல் குறைவாகவும் காட்டும். உங்கள் கலத்துக்கு 12.5ஐ ஒட்டி வரும் என்று எதிர்பார்க்கிறேன்.

ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர், மன்னார்குடி

கும்பகோணம் தம்பியின் கணக்கு சரியானது. அதனுடன், கல்லூரிக் கலம் ஏன் தப்பித்தது என்பதையும் சொல்ல வேண்டும், ஏனெனில் வடிவமைப்பின் நுட்பம் அங்கேதான் இருக்கிறது.

கலமாறிலி என்பது மின்னோட்டப் பாதையின் நீளத்தை அதன் குறுக்குப் பரப்பால் வகுத்தது என்று பன்னிரண்டாம் வகுப்பில் கற்பிக்கிறோம். ஒரு சென்டிமீட்டர் இடைவெளியில் ஒரு சதுர சென்டிமீட்டர் தகடுகள் இரண்டை வரைந்தும் காட்டுகிறோம். அந்தப் படத்தைப் பார்த்த மாணவன், கலமாறிலியை 10 ஆக்கத் தகடுகளைப் பத்தில் ஒரு பங்காகச் சுருக்கினால் போதும் என்று எண்ணிவிடுவான். அப்படிச் செய்தால் நீரின் தடை பத்து மடங்கு உயரும். மின்முனைப் பரப்புக் குறைவதால் முனைவாக்க மறுப்பும் பத்து மடங்கு உயர்ந்துவிடும். பிழை விகிதம் இருந்த இடத்திலேயே இருக்கும். நல்ல உயர் மாறிலிக் கலத்தில் மின்முனைகள் பெரிதாகவே இருக்கின்றன. அவற்றுக்கு இடையே கண்ணாடியிலோ நெகிழியிலோ ஒரு குறுகிய, நீண்ட துளை வழியாகத்தான் மின்னோட்டம் செல்ல முடியும். தடையைத் தீர்மானிப்பது அந்தத் துளை. முனைவாக்கத்தைத் தீர்மானிப்பது மின்முனையின் பரப்பு. இவ்விரண்டையும் ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துவிட்டதுதான் அந்த வடிவமைப்பின் பயன். உங்கள் 24 மில்லிசீமென்ஸ் நீர் அந்தக் கலத்தில் 417 ஓம். அதோடு 16 ஓம் சேர்ந்தாலும் ஒன்றும் குடிமுழுகிப் போகாது.

இன்னொரு வழி, மின்முனையின் புறவடிவத்தை மாற்றாமல் உண்மைப் பரப்பை மட்டும் பெருக்குவது. ஃபிரெடெரிக் கோல்ராஷ் 1869ஆம் ஆண்டளவில் மாறுதிசை மின்னோட்டத்தைக் கொண்டு கரைசல்களின் கடத்துத்திறனை அளக்கத் தொடங்கிய காலத்தை அடுத்து, பிளாட்டினத்தின் மேல் நுண்துகள் பிளாட்டினத்தைப் படியவைத்த கருப்பு மின்முனைகளும் வழக்கத்துக்கு வந்தன. அந்தக் கரும்படிவின் நுண்ணிய மேடுபள்ளங்களால் இரட்டை அடுக்கின் மின்தேக்குதிறன் நூறு மடங்குக்கும் மேல் உயர்கிறது. 16 ஓம் என்பது ஓமின் சிறு பின்னமாகிவிடுகிறது. நாகை ஆய்வகத்தின் தகடுகள் கருப்பாக இருக்கின்றனவா, வெள்ளி போல் பளபளக்கின்றனவா என்பதைப் பார்த்துச் சொல்ல வேண்டும். பளபளத்தால் படிவு போய்விட்டது என்று பொருள்.

இறால் குட்டை, சீர்காழி

இவ்வளவு சிக்கல் எதற்கு என்று தோன்றுகிறது. மாதிரியைக் காய்ச்சி வடித்த நீரில் பத்து மடங்கு நீர்த்து, வரும் அளவைப் பத்தால் பெருக்கினால் எந்தக் கலத்திலும் சரியான விடை கிடைக்காதா? நாங்கள் குட்டைக் கரையில் அப்படித்தான் செய்கிறோம். ஒன்று கேட்க வேண்டும்: சிறிய பாட்டிலுக்குள் பேனாவை விட்டு அளந்தால் ஓர் அளவும், வாளியில் அளந்தால் வேறு அளவும் வருகிறது. இதற்கும் முனைவாக்கம்தான் காரணமா?

ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர், மன்னார்குடி

நீர்த்துப் பெருக்குவது கூடாது. இதற்குச் சான்று நியமக் கரைசல்களின் புட்டிகளிலேயே அச்சிடப்பட்டிருக்கிறது. 25 பாகையில் 0.01 மோலார் பொட்டாசியம் குளோரைடு 1.413 மில்லிசீமென்ஸ்; 0.1 மோலார் 12.88, 1 மோலார் 111.8. செறிவு பத்து மடங்கு ஏறும்போது கடத்துத்திறன் முதலில் 9.1 மடங்கும் அடுத்து 8.7 மடங்கும்தான் ஏறுகிறது. அயனிகள் நெருங்க நெருங்க ஒன்றையொன்று இழுத்துப் பிடிப்பதால், ஒவ்வொன்றும் சுமந்து செல்லும் பங்கு குறைகிறது. ஆகவே 24 மில்லிசீமென்ஸ் உப்பாற்று நீரைப் பத்து மடங்கு நீர்த்தால் 2.4 வராது, 2.7க்கு மேல் வரும். அதைப் பத்தால் பெருக்கினால் இல்லாத உப்பை இருப்பதாக எண்ணித் தீவனமும் நீர்மாற்றமும் திட்டமிடுவீர்கள். நீர்த்துத்தான் ஆக வேண்டுமென்றால் உப்புத்தன்மையாக மாற்றிக்கொண்டு, அதைத்தான் பெருக்க வேண்டும்.

பாட்டில் பற்றிய கேள்வியைத் தம்பியிடம் விடுகிறேன்.

கருவி பழுதுநீக்குநர், கும்பகோணம்

பாட்டிலுக்கும் வாளிக்கும் உள்ள வேறுபாடு முனைவாக்கம் அன்று. மின்புலம் பரவும் இடத்தைப் பொறுத்தது. பேனா மீட்டரில் இரு முனைகளும் திறந்த நிலையில் நிற்கின்றன. மின்னோட்டம் அவற்றுக்கு நடுவே மட்டும் செல்வதில்லை. மடை திறந்த தண்ணீர் வாய்க்காலை விட்டு வயலெங்கும் பரவுவது போல முனைகளின் பக்கவாட்டிலும் அடியிலும் வளைந்து பரவிச் செல்கிறது. கலமாறிலி என்று கருவியில் பதிந்திருப்பது அந்தப் பரவலையும் சேர்த்த மதிப்பு. குறுகிய நெகிழிப் பாட்டிலின் சுவர் அந்தப் பரவலை வெட்டிவிட்டால் பாதையின் பரப்புச் சுருங்கி அளவு குறைந்து காட்டும். எவர்சில்வர் டம்ளரில் வைத்தால் உலோகச் சுவரே மின்னோட்டத்துக்குக் குறுக்குவழியாகி அளவு கூடிக் காட்டவும் வாய்ப்புண்டு.

மேசைக் கலங்களில் தகடுகளைச் சுற்றி ஒரு குழாய் உறை இருப்பதன் காரணம் இதுதான். மின்புலம் உறைக்குள்ளேயே அடங்கிவிடுவதால் வெளியே பீக்கர் எவ்வளவு பெரியது என்பது பொருட்டாகாது. ஆனால் உறையின் மேற்பகுதியில் உள்ள காற்றுத்துளை நீருக்குள் மூழ்கும் அளவுக்கு இறக்க வேண்டும். துளை வெளியே இருந்தால் உள்ளே காற்று தங்கி, நீர்மட்டம் தகடுகளின் பாதியிலேயே நின்றுவிடும். மேலும், குளிரூட்டிய பெட்டியில் கொண்டுவந்த மாதிரி அறை வெப்பத்துக்கு வரும்போது கரைந்திருந்த காற்று குமிழிகளாகத் தகடுகளில் ஒட்டிக்கொள்ளும். அளக்கும் முன் கலத்தை நீருக்குள் இரண்டு மூன்று முறை ஏற்றி இறக்கிக் குமிழிகளை விரட்டுங்கள். பழுது என்று என்னிடம் வரும் கலங்களில் பலவற்றுக்கு இதற்கு மேல் வைத்தியம் தேவைப்பட்டதில்லை.

நாகை ஆய்வக மேசை

12.88 நியமக் கரைசலை அளந்தேன். மேசைக் கருவி 12.4 காட்டியது. தகடுகளில் கருப்பு ஓரங்களில் மட்டுமே ஒட்டியிருக்கிறது, நடுப்பகுதி பளபளக்கிறது. முன்பு இருந்தவர்கள் மண் கரைசலை அளந்தபின் மெல்லிழைத் தாளால் தகடுகளைத் துடைத்திருக்கிறார்கள் என்று தெரிகிறது. புதிதாகப் படிவு ஏற்றலாமா, அல்லது நான்கு மின்முனைக் கலம் வாங்குவது நல்லதா? விற்பனையாளர் ஒருவர் நான்கு மின்முனைக் கலம் வாங்கினால் எல்லா அளவுக்கும் அது ஒன்றே போதும் என்று சொல்கிறார்.

கருவி பழுதுநீக்குநர், கும்பகோணம்

படிவு ஏற்றலாம். குளோரோபிளாட்டினிக் அமிலக் கரைசலில் சிறிதளவு ஈய அசிடேட் சேர்த்து, குறைந்த மின்னோட்டத்தில், மின்முனைகளின் திசையை அவ்வப்போது மாற்றிப் படியவைப்பது வழக்கம். ஆனால் மண் மாதிரி அளக்கும் ஆய்வகத்துக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். களிமண் துகள் கரும்படிவின் நுண்துளைகளில் புகுந்துவிட்டால் கழுவி எடுப்பது கடினம். துடைத்தால் படிவே போய்விடும். கலங்கலை அப்படியே அளக்காமல் தெளியவைத்து, மேலே நிற்கும் தெளிந்த நீரில் கலத்தை விட்டால் ஓரளவு காக்கலாம்.

நான்கு மின்முனைக் கலத்தில் வெளி இரண்டு முனைகள் மின்னோட்டத்தைச் செலுத்துகின்றன. உள் இரண்டு முனைகள் அவற்றுக்கு இடைப்பட்ட நீரில் ஏற்படும் மின்னழுத்த வேறுபாட்டை மட்டும் அளக்கின்றன. உள் முனைகளின் வழியே மின்னோட்டம் ஏறக்குறைய செல்லாததால் அங்கே முனைவாக்கம் எழ இடமில்லை. வெளி முனைகளில் முனைவாக்கமோ பாசியோ இருந்தாலும், கருவி அதை ஈடுகட்டி மின்னோட்டத்தைச் செலுத்திவிடுகிறது. கம்பியின் தடையும் கணக்கில் வராது. இறால் குட்டை நீரைப் போல அழுக்குப் படியும் நீருக்கு இதைவிட நல்ல மேசைக் கலம் எனக்குத் தெரியவில்லை.

ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர், மன்னார்குடி

"எல்லா அளவுக்கும் ஒன்றே" என்பதை நான் ஏற்கவில்லை. உப்பு மிகுந்த பக்கம் தம்பி சொல்வது பொருந்தும். மறுபக்கத்தில் பிழைகள் வேறு வகையானவை. தூய நீரின் கடத்துத்திறன் 25 பாகையில் 0.055 மைக்ரோசீமென்ஸ், கலமாறிலி 1 உடைய கலத்தில் அதன் தடை 18 மெகாஓம். ஒரு மீட்டர் கம்பியின் மின்தேக்குதிறன் 100 பிக்கோஃபாரட் என்றால், 1000 ஹெர்ட்ஸில் மின்னோட்டம் நீர் வழியாகப் போவதைவிடக் கம்பியின் உறை வழியாகவே எளிதாகப் போய்விடும், ஏனெனில் அந்தப் பாதையின் மறுப்பு 1.6 மெகாஓம்தான். இதனால்தான் தூய நீருக்குக் கலமாறிலி 0.01 உடைய, ஒன்றுக்குள் ஒன்றாக அமைந்த உருளை மின்முனைகளையும் குறைந்த அதிர்வெண்ணையும் பயன்படுத்துகிறார்கள். அங்கே கரும்படிவும் தேவையில்லை. முந்தைய கரைசலின் உப்பை அது உறிஞ்சி வைத்திருந்து தூய நீரில் கசியவிடும்.

கலத்தின் வடிவமே பிழையை உண்டாக்கும் என்பதற்கு வரலாற்றில் ஒரு சான்று உண்டு. 1923இல் பார்க்கர் என்பவர், கரைசலின் செறிவை மாற்றினால் கலமாறிலியும் மாறுவதாகக் கண்டார். மாறிலி மாறுமென்றால் அது வரை அளந்த அட்டவணைகளையெல்லாம் எப்படி நம்புவது? மின்முனையில் ஏதோ பரப்புறிஞ்சல் நிகழ்கிறது என்று விளக்கம் தேடப்பட்டது. 1931இல் ஜோன்ஸும் போலிஞ்சரும் வேறொன்றைக் காட்டினர். அன்றைய கலங்களில் கரைசல் நிரப்பும் குழாய்கள், எதிர்ப்பக்கத்து மின்முனைக்குச் செல்லும் இணைப்புகளுக்கு மிக அருகில் வளைந்து சென்றன. இடையில் இருந்த கண்ணாடியும் வெப்பநிலைத் தொட்டியின் திரவமும் ஒரு மின்தேக்கியாகி, மின்னோட்டத்தின் ஒரு பகுதி கலத்துக்குள் போகாமல் பக்கவழியில் தாவியது. கரைசலின் தடை உயர உயர அந்தத் தாவல் அளவில் தெரியத் தொடங்கியது. குழாய்களை விலக்கி வைத்துக் கலத்தைச் செய்தபோது பிழை மறைந்தது. கண்ணாடிக் குழாயை எங்கே வளைப்பது என்பதில் இவ்வளவு இருக்கிறது. ஆனால் விற்பனைப் பட்டியலில் கலமாறிலி என்ற ஒற்றை எண்ணைத் தவிர வேறொன்றும் போடுவதில்லை.

நாகை ஆய்வகத்துக்கு என் கருத்து: இருக்கும் கலத்தை வயல் நீருக்கும் கிணற்று நீருக்கும் வைத்துக்கொள்ளுங்கள், உப்பாற்று நீருக்கு நான்கு மின்முனைக் கலமோ, துளை வகைக் கலமாறிலி 10 கலமோ வாங்குங்கள். மின் இணைப்பு உங்கள் கருவியோடு பொருந்துமானால் பின்னது மலிவாக முடியும்.

உப்பள மேற்பார்வை, வேதாரண்யம்

எங்கள் பக்கத்துச் செய்தியையும் சேர்க்கிறேன். பாத்திகளில் உப்பு விளையும் நிலையில் உள்ள நிறைநீர் 25 பாகையில் 250 மில்லிசீமென்ஸை ஒட்டி இருக்கும். கலமாறிலி 1 கலத்தில் அது 4 ஓம். கம்பியின் தடையே கால் பங்கு ஆகிவிடும். இதற்கு வளையச் சுருள் உணரி நல்லது. நெகிழிக்குள் பொதிந்த இரண்டு சுருள்களில் ஒன்று நீரில் மின்னோட்டத்தைத் தூண்டுகிறது, மற்றொன்று அதை உணர்கிறது. உலோகம் நீரைத் தொடுவதே இல்லை, ஆகவே முனைவாக்கமும் அரிப்பும் இல்லை. ஆனால் மின்னோட்டம் வளையத்தின் வெளிப்புறமாகவும் சுற்றி வருவதால், தொட்டிச் சுவருக்கு அருகில் பொருத்தினால் இறால் குட்டை நண்பர் பாட்டிலில் கண்ட சிக்கல் இங்கேயும் வரும். பொருத்திய இடத்திலேயே வைத்துக் கலமாறிலியைச் சரிபார்க்க வேண்டும்.

இருந்தாலும் உப்பளத்தில் கடத்துத்திறனை நான் நம்புவதில்லை. உப்பு எடுத்தபின் மிஞ்சும், மெக்னீசியம் செறிந்த நீரில் உப்பு கூடக் கூடக் கடத்துத்திறன் ஏறாமல் குறையத் தொடங்குகிறது. ஒரே அளவு இரண்டு வெவ்வேறு செறிவுகளைக் குறிக்கலாம். எத்தனை நல்ல கலமும் அதைத் தீர்க்காது. நீரின் அடர்த்தியைக் காட்டும் பாமே மானி அங்கே போதுமானது.

நாகை ஆய்வக மேசை

தலைஞாயிறு உழவர் ஐயாவின் கேள்வி விடையின்றி நிற்கிறது. அதை நானே கணக்கிட்டுப் பார்த்தேன். 2.5 மில்லிசீமென்ஸ் நீர் எங்கள் கலத்தில் 400 ஓம். தேய்ந்த தகடுகளின் 16 ஓம் மறுப்பும் 1 ஓம் கம்பியும் சேர்ந்தாலும் பிழை நூற்றில் அரைப் பங்கைத் தொடாது. பேனா மீட்டரிலும் இந்த அளவில் முனைவாக்கம் பெரிய சிக்கல் அன்று. அங்கே பிழை வருவது வெப்பத்தால். ஒரு பாகைக்கு ஏறத்தாழ நூற்றுக்கு 2 வீதம் கடத்துத்திறன் ஏறுகிறது. 25 பாகையில் 2.6 காட்ட வேண்டிய நீர், திருத்தம் செய்யாத கருவியில் 33 பாகை வெயில் நீரில் 3.0 காட்டும். தானாகத் திருத்தும் பேனாவிலும் வெப்ப உணரி நெகிழிக்குள் இருப்பதால், அது நீரின் வெப்பத்துக்கு வரும்வரை காத்திருக்க வேண்டும்.

இன்னொன்றையும் ஐயாவிடம் சொல்ல வேண்டும். நெல்லுக்கு 3 என்பது நீரின் அளவு அன்று. மண்ணை நீரால் நிறைவித்துக் குழைத்துப் பிழிந்தெடுத்த சாற்றின் அளவு, மீட்டருக்கு டெசிசீமென்ஸில் (சென்டிமீட்டருக்கு மில்லிசீமென்ஸ் என்பதும் இதுவும் ஒன்றே). பாசன நீருக்கு 1954இல் அமெரிக்க உவர்நில ஆய்வகம் வகுத்த பிரிவுகளில் 2.25க்கு மேற்பட்டதே மிகு உவர்ப்பு என்று வருகிறது. நாங்கள் மண்ணுக்கு ஒன்றுக்கு இரண்டரை என்ற விகிதத்தில் நீர் சேர்த்து அளக்கும் எண், பிழிந்த சாற்றின் எண்ணைவிடக் குறைவாகவே இருக்கும். இரண்டையும் ஒப்பிடக் கூடாது.

கடைமடை உழவர், தலைஞாயிறு

விளக்கத்துக்கு நன்றி. அப்படியானால் பேனாவை வைத்துக்கொண்டு, நீரை நிழலில் வைத்து ஆறவிட்டு, அகலமான நெகிழி வாளியில் நடுவில் பிடித்து அளந்தால் போதும் என்று எடுத்துக்கொள்கிறேன். முனைகளில் செம்மண் நிறத்தில் ஒரு படிவு ஏறியிருக்கிறது, அதை எப்படிப் போக்குவது?

கருவி பழுதுநீக்குநர், கும்பகோணம்

அது பெரும்பாலும் கிணற்று நீரின் இரும்பு. பேனாவின் முனைகள் எஃகாகவோ கிராஃபைட்டாகவோ இருப்பதால் துடைப்பதற்குத் தடையில்லை. வினிகரில் சற்று நேரம் ஊறவிட்டு, மென்மையான பல்துலக்கியால் தேய்த்து, காய்ச்சி வடித்த நீரில் நன்றாக அலசுங்கள். அதன்பின் 1413இல் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள், ஏனெனில் படிவோடு இருந்தபோது பதிந்த கலமாறிலி இனிப் பொருந்தாது.

நாகை ஆய்வகத்துக்கு: துளை வகைக் கலம் வாங்கினால் அந்தத் துளைக்குள் களிமண் அடைக்கும். ஒவ்வொரு மாதிரிக்குப் பிறகும் பீச்சுக்குழலால் நீரைத் துளை வழியே பாய்ச்சிக் கழுவ ஒருவரைப் பழக்க முடியுமானால் அதை வாங்குங்கள். முடியாதென்றால் நான்கு மின்முனைக் கலத்தின் கூடுதல் விலையைக் கொடுத்துவிடுவதே மேல்.